பெட்டியில் கிடந்த கோட்டு

கல்லறைத் திருநாள் நெருங்கும்போது, பிரிந்தவர்களின் உடைமைகளை எடுத்துப் பார்க்கும் எண்ணம் எழுவது இயல்பு. யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் இராயப்பரிடம் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் பணி கூறுகின்றது. ஆடை, அணிந்தவரையும் தைத்தவரையும் நினைவூட்டும் சாட்சியன்றோ!

விருத்தாசலத்தில் ஒரு வீட்டில், பழைய கறுப்புக் கோட்டு ஒன்றால் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் மூண்டது. தாத்தா 1947இல் தம் திருமணத்தன்று அணிந்தது என்றும், மூத்த பேரனாகிய தமக்கே உரியதென்றும் அண்ணன் வாதிட்டார். தம்பி இசையவில்லை.

பீங்கான் தொழில் அறிந்த நம் ஊரார், ஒரு கோப்பையின் பூர்வீகம் அறியக் கவிழ்த்து அடிப்புறம் பார்ப்பார்கள். ஆடைக்கும் அதுவே வழி. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். விலைச்சீட்டில் அணாக்கணக்கு இருந்தால், பெரும்பாலும் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது. பாலியெஸ்டர் கண்டறியப்பட்டது 1941இல். ஆகவே அந்த இழை கலந்த துணி அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. தையல் மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துச் சுடரில் காட்டினால், பருத்தி சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும்.

பித்தானை மட்டும் நம்புதல் தவறு. களிமண் பொடியை அச்சில் அழுத்திப் பீங்கான் பித்தான் செய்யும் முறைக்கு ரிச்சர்டு பிராசர் என்பவர் 1840இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் பழைய பித்தானைப் புதிய சட்டையில் தைப்பது எளிது. பின்னர் மாற்றித் தைத்தவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் மிகப் புதியது எதுவோ, அதுவே ஆடையின் வயதைச் சொல்லும்.

அந்தக் கோட்டின் உட்பைக்கு மேலே தையற்காரரின் முகவரித் துண்டு இருந்தது. அதில் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்ற பெயரோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் காணப்பட்டது. அந்த எண் முறை 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டது. எனவே கோட்டு ஏறத்தாழ இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. தாத்தாவின் மணக்கோலத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

செய்தியறிந்த அத்தை சொன்னார்: “அது உங்கள் அப்பா கல்யாணத்துக்குத் தைத்ததடா! ஒரே நாள்தான் போட்டார். பிறகு உங்கள் படிப்புச் செலவு வந்தது. தமக்கென்று அவர் வேறொன்றும் தைத்துக் கொள்ளவில்லை.”

சகோதரர் இருவரும் தலைகுனிந்தனர். தாத்தாவின் பெருமைக்காகப் போரிட்டவர்கள், தந்தையின் தியாகத்தை மறந்திருந்தார்கள்.

பெற்றோரே, பழந்துணிக்குப் பாத்திரம் தருபவர் வாசலில் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் உட்புறம் பாருங்கள். வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். அணிந்தவர் பெயரையும் ஆண்டையும் தாளில் எழுதி உடன் வையுங்கள். இறந்தோர்க்கு நாம் செலுத்தும் கடன்கள் இரண்டு: ஒன்று செபம், மற்றொன்று உண்மை.