எந்த ஆண்டிலும் ஏறாத வரி

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தமது பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இட்டுவைத்தவர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மிகைவரி கட்டிக் கம்பனி களைத்துப் போயிற்று என்று தலைவர் ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார். இலாபநட்டக் கணக்கில் அந்த வரியைக் காணவில்லையே, எங்கே போயிற்று?"

நான் கலைப்பட்டதாரி, ஐந்தொகையைப் பத்திரிகைத் தொழிலில்தான் வாசிக்கக் கற்றேன். அன்றிரவு அந்த அறிக்கையைப் புரட்டியபோது வரி அகப்பட்டது. உரிமையாண்மையில் ஏற்பட்ட மாற்றங்களைக் காட்டும் கூற்றிலே, ஆரம்ப மீதியிலிருந்து ஒரே வரியில் கழித்து முடித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மிகைவரிச் சட்டம், 2020/2021 வரிமதிப்பாண்டில் 2000 மில்லியன் ரூபாவுக்கு மேல் வரிவிதிப்பு வருமானம் பெற்றவர்கள் மீது 25 வீதம் விதித்தது. வரி அந்தப் பழைய ஆண்டின் செலவாகக் கருதப்படும் என்றும் சொன்னது. அந்த ஆண்டின் கணக்குகளோ அதற்குள் கணக்காய்வு முடிந்து, பொதுக் கூட்டத்தில் ஏற்கப்பட்டுவிட்டன. சர்வதேச நியமத்தின்படி பார்த்தால், சட்டம் நிறைவேறிய ஆண்டின் இலாபத்தில் இந்தச் சுமை விழுந்திருக்கவேண்டும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் "மாற்றுக் கையாள்கை" என்றொரு கூற்றை வெளியிட்டு, நிறுத்திவைத்த இலாபத்தின் ஆரம்ப மீதியில் கழித்துக்கொள்ள வழி செய்தது. காசு கம்பனியை விட்டுப் போனது உண்மை. ஆயினும் எந்த ஆண்டின் இலாபமும் குறையவில்லை! 2015இல் மிகைஇலாப வரி வந்தபோதும் இதே வித்தைதான்.

சட்டம் அப்படிச் சொல்லும்போது நிறுவகம் என்ன செய்யும் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. பாராளுமன்றம் கணக்கேட்டுக்குள் கைநுழைத்தது முதற்குற்றம். ஆனால், 2012 ஜனவரி 1 முதல் சர்வதேச நியமங்களுக்கு ஏற்ப நம் நியமங்களை மாற்றிவிட்டோம், உலகின் எந்த முதலீட்டாளரும் நம் அறிக்கையை நம்பி வாசிக்கலாம் என்று கருத்தரங்கு கருத்தரங்காக மார்தட்டியவர்கள் யார்?

வங்கிகளின் கதை இன்னும் கனமானது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் இலக்க நியமம், 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி தந்த பாடம். கடன் அறவிடமுடியாமற் போகும்வரை காத்திராதே, போகக்கூடும் என்று தெரியும்போதே இழப்பைப் பதி என்பது அதன் சாரம். விற்கவும் கூடும் என்று வைத்திருக்கும் முறிகளைச் சந்தை விலையில் காட்டவேண்டும்; வகையை மாற்றுவதானால், வியாபார முறையே மாறியிருக்கவேண்டும், அதுவும் அரிதாகத்தான். 2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. முறிகளின் விலை சரிந்தது. உடனே இன்னொரு மாற்றுக் கையாள்கை: ஏப்ரல் 1 முதற்கொண்டு முறிகளைச் சந்தை விலைப் பெட்டியிலிருந்து கிரயப் பெட்டிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

"அவை வெறும் தாள் இழப்புகள், காட்டியிருந்தால் வைப்பாளர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள்" என்றார் வங்கித்துறை நண்பர் ஒருவர். அவர் அச்சத்தை நான் இகழவில்லை. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்ற காலம் அது. ஐரோப்பாவும் 2008 ஒக்டோபரில் நியமம் வகுப்போரை நெருக்கி, ஜூலை 1 வரை பின்திகதியிட்டு இதேபோன்ற சலுகையைப் பெற்றது. ஆனால் மூலதன விதியைச் சிறிது காலத்துக்குத் தளர்த்துவது ஒழுங்குபடுத்துநரின் வேலை. அதை அவர் பகிரங்கமாகச் செய்யலாம். காய்ச்சல்காரனைப் படுக்கவைப்பதற்குப் பதிலாக வெப்பமானியின் அளவுக் கோட்டை அழிப்பது என்ன வைத்தியம்? வங்கிப் பங்கை வாங்கியவனும் விற்றவனும் எதைப் பார்த்து விலை பேசினார்கள்? அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறோமே என்பார்கள். நூறு பக்கம் தாண்டிச் சிற்றெழுத்தில் கிடக்கும் குறிப்பை வாசிக்கத் தரகர் நிறுவனங்களிடம் ஆளுண்டு. ஆசிரியரிடம் மூக்குக்கண்ணாடிதான் உண்டு.

இப்போது பதினெட்டாம் இலக்க சர்வதேச நியமம் வருகிறது. 2024 ஏப்ரலில் வெளியான அது, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்குரியது. தொழிற்பாட்டு இலாபம் என்பதை இனி எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே வரைவிலக்கணப்படி காட்டவேண்டும். முகாமை தன் வசதிக்கு இட்டுக்கட்டிய "சீராக்கிய இலாபம்" எப்படிக் கணிக்கப்பட்டது என்று குறிப்பில் விளக்கவேண்டும், அதைக் கணக்காய்வாளரும் பார்ப்பார். நல்ல நியமம், வரவேற்கிறேன். முந்திய ஆண்டின் ஒப்பீட்டு எண்களையும் அதே முறையில் தரவேண்டியிருப்பதால், கம்பனிகளுக்கு வேலை ஏற்கெனவே தொடங்கியாகவேண்டும்.

பட்டயக் கணக்காளர் நிறுவகத்திடம் ஒரு கேள்வி மாத்திரம். அடுத்த நெருக்கடியிலும் மாற்றுக் கையாள்கை வேண்டுமென்று கதவைத் தட்டுவார்கள். அப்போது இலாபநட்டக் கணக்கின் அடியிலேயே, நியமத்தின்படி வரும் எண்ணையும் பக்கத்தில் அச்சிடக் கட்டாயப்படுத்துவீர்களா? மேலதிகமாக ஒரு நிரல்தான் தேவை.

ஆசிரியரிடம் பக்க எண்ணைச் சொன்னேன். பார்த்துவிட்டு மறுநாள் அழைத்தார். "இருக்கிறது தம்பி. என்னுடைய பங்குலாபம் குறைந்த கணக்கு மட்டும் ஒளிக்காமல் வந்திருக்கிறது" என்றார்.