கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதி வையுங்க

பொட்டி தட்டிப் பிழைக்கிற மக்களுக்கு ஒரு கேள்வி. உங்க நிரல் நினைவுல வச்சிருக்கிற தகவலை ஒரு கோப்புல சேமிக்கணும். மெஷினுக்கு மட்டும் புரியற பைனரியா எழுதுவீங்களா, மனுஷனும் படிக்கிற மாதிரி எழுதுவீங்களா?

"பைனரிதான், வேகம் முக்கியம்"னு சொல்றவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நானும் ஒரு காலத்துல அந்தக் கட்சிதான்.

2006-ல புனேயில் பெர்ல் ஆணி பிடுங்கிக்கிட்டு இருந்தேன். பார்சல் கட்டணம் கணக்குப் போடுற நிரல். வாடிக்கையாளர் அனுப்புற பட்டியலை ராத்திரி ஒரு தடவை படிச்சு, ஹாஷா மாத்தி, ஸ்டோரபிள் மூலமா பைனரி கோப்பா வச்சிடுவோம். பகல்ல மத்த நிரல்கள் அதை எடுத்துக்கும். ஒரு திங்கக்கிழமை காலையில பார்த்தா, பக்கத்துத் தெருவுக்குப் போற பார்சலுக்கும் வெளியூர் கட்டணம்!

கடைசியா நிரல்ல கை வச்சது நாக்பூர்ல இருந்து வந்த புதுப் பையன். டேமேஜர் அவனை நிக்க வச்சே கேள்வி கேட்டார். "நான் எதுவும் மாத்தல சார், ஒரு கமெண்ட் மட்டும்தான் சேர்த்தேன்"னு என்கிட்ட அழாக்குறையா இந்தியில சொன்னான். புரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு அவனுக்கு.

பைனரியைத் திறந்தா ஒண்ணும் புரியலை. அப்பதான் டேட்டா டம்ப்பர் ஞாபகம் வந்துச்சு. குருசாமி சாரதி எழுதினது, 1998-ல வந்த பெர்ல் 5.005-ல இருந்து மொழியோடவே வருது. நினைவுல இருக்கிற தகவலை அப்படியே பெர்ல் நிரலா எழுதிக் காட்டும். சுருள் அடைப்புக்குள்ள ஹாஷ், சதுர அடைப்புக்குள்ள அர்ரே, சரங்களுக்கு மேற்கோள் குறி. அந்த மேற்கோள் குறிதான் விஷயமே. சாதாரணமா பிரிண்ட் போட்டா கண்ணுக்குத் தப்புற வெற்றிடம் எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கும்.

கொட்டிப் பார்த்தேன். வரிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கலைஞ்சு தெரிஞ்சுது. யூஸ்-க்யூக்யூன்னு ஒரு அமைப்பு இருக்கு. அதை 1-னு வச்சு மறுபடி கொட்டினேன். 411001-க்குப் பின்னாடி ஒரு பின்சாய்கோடு, ஒரு 'ஆர்'. எல்லா பின்கோடுக்கும் அதே வால்! வாடிக்கையாளர் பட்டியலை இந்தத் தடவை விண்டோஸ்ல சேமிச்சு அனுப்பியிருக்கார். அங்கே வரி முடிவுக்கு ரெண்டு குறி. எங்க லினக்ஸ் நிரல் ஒண்ணைத்தான் வெட்டும். மிச்சம் இருந்தது கடைசிப் பத்தியில இருந்த பின்கோடோட ஒட்டிக்கிச்சு. பின்கோடு பொருந்தலைன்னா வெளியூர் கட்டணம், அவ்வளவுதான்.

பையன் தப்பிச்சான். டேமேஜர் 'சாரி' எல்லாம் சொல்லலை, அது வேற கதை :-)

அன்னிக்கே அந்தக் கோப்பை டம்ப்பர் வடிவத்துக்கு மாத்தினோம். திறக்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாச்சு, யாரும் கவனிக்கக்கூட இல்லை. சார்ட்-கீஸ் அமைப்பையும் போட்டுடுங்க. ஹாஷுக்கு நிலையான வரிசை கிடையாது. 2013-ல வந்த பெர்ல் 5.18-க்கு அப்புறம் ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறும். அகரவரிசையில இருந்தாத்தான் நேத்துக் கோப்புக்கும் இன்னிக்குக் கோப்புக்கும் 'டிஃப்' போட்டு, என்ன மாறிச்சுன்னு பார்க்க முடியும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. அது எழுதறது நிரல். திரும்பப் படிக்கணும்னா 'இவால்' போட்டு ஓட்டணும். நடுவுல எவனாவது கோப்பை எல்லாம் அழிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருந்தா, அதுவும் ஓடும். அதனால நாம எழுதி, நாமே படிக்கிற கோப்புக்கு மட்டும்தான் இது. வெளியில இருந்து வர்றதுக்கு ஜேசான் போதும், அதையும் மனுஷன் படிக்கலாம். பைனரின்னா பத்திரம்னும் நினைக்காதீங்க. நம்பிக்கையில்லாத கோப்பைத் திறக்காதேன்னு ஸ்டோரபிள் ஆவணமே எச்சரிக்குது.

சேமிக்கிற கோப்பைத் தினமும் படிக்கிறது மெஷின்தான், ஒத்துக்கறேன். ஆனா பிரச்சனைன்னு வர்ற அன்னிக்கு அதைப் படிக்கப் போறது ஒரு மனுஷன். அன்னிக்கு யாரோ ஒரு பையன் தலை குனிஞ்சு நின்னுக்கிட்டு இருப்பான். அவனுக்காகவாவது படிக்கிற மாதிரி எழுதி வையுங்க.

டிஸ்கி: தமிழ்ச் சரத்தை டம்ப்பர்ல கொட்டினா எழுத்துக்குப் பதிலா யூனிகோடு எண்ணா வரும். பயப்படாதீங்க, தகவல் பத்திரமாத்தான் இருக்கு.