அலமாரியைத் தேடி வராத விஞ்ஞானிகள்

பல்கலைக்கழக நூல் நிலையத்துக்கு விஞ்ஞான ஆராய்ச்சியாளர்கள் வருவது குறைந்துவிட்டது. படிப்பதை அவர்கள் விட்டுவிடவில்லை. உலகெங்கும் வெளியாகும் ஆராய்ச்சிப் பத்திரிகைகள் அவர்களுடைய கம்ப்யூட்டருக்கே வந்துவிடுகின்றன. பிறர் முன்பே என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் சோதனையில் இறங்கினால், பணமும் வீண், காலமும் வீண்.

ஆனால், இந்தப் பத்திரிகைகளின் சந்தா யானை விலை! பணமுள்ள நிலையங்கள் வாங்கின. சிற்றூர்க் கல்லூரிகள் ஏங்கி நின்றன.

இந்தக் குறையைப் போக்க, “ஒரே நாடு, ஒரே சந்தா” திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 நவம்பரில் சம்மதம் அளித்தது. 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகள். மத்திய, மாநில அரசுகளின் சுமார் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு இந்த வசதி. தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அங்கேயும் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்களே!

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் சந்தா நின்றாலும், வாங்கிய இதழ்கள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் இருந்தன. கம்ப்யூட்டர் சந்தாவோ வாடகை வீடு மாதிரி. பணம் நின்றால், பல ஒப்பந்தங்களில் பழைய இதழ்களும் கைவிட்டுப் போய்விடும். திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 2027 வரைதான். அடுத்த ஒப்பந்தம் போடும்போது, சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் என்றும் படிக்கக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.