யார் எழுதிய விதி?

யோஷிதாரோ நொமுராவின் ‘மணல் பாத்திரம்’ (1974) ஜப்பானின் தலைசிறந்த துப்பறியும் படமாம். பார்த்தேன். கடைசி நாற்பது நிமிஷம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது.

டோக்கியோவின் கமாட்டா ரயில் யார்டில் ஒரு பெரியவர் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். பேர் மிகி, முன்னாள் போலீஸ்காரர். கொன்றவன் வாகா, புகழேறி வரும் இசைக்கலைஞன். தொழுநோய் கண்ட அப்பனோடு ஊர் ஊராகப் பிச்சையெடுத்து, கல்லடிபட்டுத் திரிந்த பிள்ளை அவன். அப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் இந்த மிகிதான். பையன் ஓடிப்போனான். குண்டுவீச்சில் ஒசாகாவின் குடும்பப் பதிவேடுகள் எரிந்தபோது, செத்துப்போன வேறு தம்பதிக்குப் பிள்ளையாகத் தன்னை எழுதிக்கொண்டான். ‘அப்பனைப் போய்ப் பார்’ என்று மிகி வந்து நின்றார். கொன்றுவிட்டான்.

கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் படம் இதற்கெல்லாம் ‘விதி’ என்று பேர் வைக்கிறதே, அது யார் எழுதிய விதி? 1931இல் போட்ட சட்டம் தொழுநோயாளிகள் எல்லாரையும் பிடித்து அடைக்கச் சொன்னது. உள்ளே கருத்தடை செய்தார்கள், கருவைக் கலைத்தார்கள். போருக்குப் பிறகு மருந்து வந்து நோய் குணமானது. அப்படியும் 1953இல் அடைத்து வைக்கிற சட்டத்தையே புதுப்பித்தார்கள். 1996 வரைக்கும் அது இருந்தது.

நல்ல மனுஷர் மிகி செய்ததும் அந்தச் சட்டத்தின் வேலைதான். அப்பனையும் பிள்ளையையும் பிரித்த கை அவருடையது. படம் அதைக் கருணை என்கிறது.

முடிவில் ஒரு வாசகம் போடுகிறார்கள்: நோய் குணமாகும், தடையாக நிற்பது மூடத்தனமான பாகுபாடு மட்டுமே. மட்டுமேவா? 1974இல் சட்டம் உயிரோடு இருந்ததே! அந்த ஒரு சொல்லின் சந்தில் அரசாங்கம் நழுவிப் போகிறது. பழி முழுக்க ஜனங்களின் தலையில்.

ஊர்ப் பேரைச் சொன்னால் அடுத்து தெருப் பேரைக் கேட்பார்கள் என்று தெரிந்தவன் நான். பிறப்பை மறைத்தவனைப் பிடிக்கப் போலீஸ் நாடு முழுக்க அலைகிறது. மறைக்க வைத்தவனைத் தேடி எவன் போனான்?

நோயாளிகளே போனார்கள். 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அரசைக் குற்றவாளி என்றது. 2019இல் அவர்களுடைய குடும்பங்களுக்கும், அதாவது வாகா மாதிரிப் பிள்ளைகளுக்கும், அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்றது.

விதிக்கு எவனாவது நஷ்டஈடு கட்டுவானா?