கோடீஸ்வரன் வழக்கும் 1972ஆம் ஆண்டின் குடியரசும்

பெங்களூருவின் கருத்தரங்குகளில் இலங்கை அரசியலமைப்பைப் பற்றி நான் கேட்ட உரைகள் பெரும்பாலும் 1978இல்தான் தொடங்குகின்றன. சனாதிபதி ஆட்சிமுறையே நோயின் வேர் என்றும், 1972ஆம் ஆண்டின் முதற் குடியரசு யாப்போ காலனியத் தளையை அறுத்த சுதேசி ஆவணம் என்றும் சொல்லப்படுகிறது. இது பிழையான பாடம்.

செ. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுத்தர் சிங்களத் தேர்வை எழுதாததால் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், பாரபட்சமான சட்டங்களைத் தடைசெய்யும் சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், மொழிக் கேள்வியைத் தீர்க்காமலே அத்தீர்ப்பை நீக்கியது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் இதை மாற்றி, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றமே ஆராயுமாறு திருப்பி அனுப்பியது.

அதற்கு விடை வரவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் 29ஆம் பிரிவும் மறைந்தது. ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களமே ஆட்சிமொழி ஆகியவை யாப்பில் ஏறின. நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றங்கள் ஆராயக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. இதை முன்னின்று வரைந்த கொல்வின் ஆர். டி சில்வாவே, தனிமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என்று 1956இல் எச்சரித்தவர்! தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. செல்வநாயகம் 1972இல் பதவி துறந்து மக்கள் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தல் நடந்ததோ 1975இல்.

29(2) மலையகத் தமிழரைக் காக்கவில்லையே என்பார்கள். உண்மைதான், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை அது தடுக்கவில்லை. பூட்டு பழுதென்றால் பூட்டை மாற்ற வேண்டும். கதவையே பெயர்த்தெறிவதா விடுதலை?

காலனியத்தை உதற வேறு வழியில்லை என்ற வாதமும் நிற்காது. கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபாகோ 1976இல் குடியரசானபோது, 1962ஆம் ஆண்டின் அடிப்படை உரிமைகளைக் கைவிடவில்லை. பிரிவி கவுன்சிலே இன்றும் அதன் இறுதி நீதிமன்றம். அதனால் அதன் குடியரசுத் தன்மை குறைந்துவிட்டதா?

ஒப்பியல் அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்போரிடம் ஒரே வேண்டுகோள்: 1972ஆம் ஆண்டின் யாப்பைச் சுதேசி ஆவணமெனக் கற்பிக்கும் அதே வகுப்பில் கோடீஸ்வரன் வழக்கையும் கற்பியுங்கள். மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துத் தாங்களே முடிவு செய்யட்டும்.