சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, என் முன்னாள் மாணவியின் தந்தையோடு ஃபெரி ஏறிப் பினாங்குக்குச் சென்றிருந்தேன். அவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மகள் நான்காம் படிவம். அவளுடைய மடிக்கணினி 2014இல் வாங்கியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் அதைக் காட்டினோம்.

"இது பழசு. விண்டோஸ் 11 ஏறாது. புதுசுதான் வாங்கணும்," என்றார் கடைக்காரர்.

வெளியே வந்ததும் அண்ணன் மெல்லக் கேட்டார்: "டீச்சர், சம்சாரத்தோட சங்கிலிய அடகு வச்சா ரெண்டாயிரம் வெள்ளி தேறுமா?"

"சங்கிலி அவங்க கழுத்துலயே இருக்கட்டும் அண்ணே. கொஞ்ச நாள் பொறுங்க," என்றேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14.10.2025 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆனால் கணினி கெட்டுப்போகவில்லையே! விடியற்காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரைப் போன்றது இயங்குதளம். மண்டோர் மாறினால் தோட்டத்தையே மூடிவிடுவோமா?

அந்த வேலைக்கு இன்னொருவர் உண்டு. பெயர் லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. உலகெங்கும் பலர் கூடி வளர்த்தது. அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டுக்கு 2 ஜிபி நினைவகமே போதும். 4 ஜிபி இருந்தால் நல்லது. விலை கிடையாது. தமிழ்99 விசைப்பலகையில் தமிழும் தட்டலாம்.

ஆனால், ஒரே நாளில் மாறாதீர்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் படி: விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் இரண்டையும் போட்டுப் பழகினாள். இவை லினக்ஸிலும் இதே முகத்தோடுதான் இருக்கும்.

இரண்டாம் படி: படங்களையும் பாடங்களையும் ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தினோம். இன்னொரு காலி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தோம். உள்ளே இருப்பது எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று சோதிக்கலாம்.

மூன்றாம் படி: விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவினோம். கணினியைத் திறக்கும்போது எது வேண்டுமென்று அதுவே கேட்கும். பழைய பக்கத்தில் மட்டும் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

நான்காம் படி: விண்டோஸை நீக்குவது. அதை நாங்கள் இன்னும் செய்யவில்லை, அவசரமும் இல்லை.

குறையே இல்லையா? உண்டு. வேர்டில் செய்த ஓர் அட்டவணை லிப்ரே ஆபிஸில் கோணலாகிவிட்டது. அச்சு இயந்திரத்தோடு ஒரு மாலை முழுதும் மல்லுக்கு நின்றோம். ஆனால் கல்வி அமைச்சின் டெலிமா உலாவியில் திறப்பது. அதில் தொல்லையே இல்லை.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 2004இல் அரசுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்று வெளியானது.

அந்தச் சாலைக்கு முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். பெயர் மாறியும் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பழக்கம் மெதுவாகத்தான் மாறும்.

சென்ற வாரம் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். பிள்ளை பாடம் தட்டிக்கொண்டிருந்தாள். தேநீர் கொண்டுவந்த தாயின் கழுத்தில் சங்கிலி இருந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருக்கிறதா? கடன் வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கிப் பாருங்கள். ஐயமிருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.