இடம் கேட்கும் காலம்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் புதியதொரு நோன்புக் காலம் தொடங்கிவிடுகிறது. தவக்காலத்துக்கு நாற்பது நாள் என்று கணக்குண்டு. இதற்கு அந்தக் கணக்கும் இல்லை. பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலையில் தொடங்கி, கல்லூரியின் தேர்வுப் பட்டியலில் பிள்ளையின் விண்ணப்ப எண்ணைக் கண்ணால் காணும் வரை அது நீள்கிறது. சில வீடுகளில் ஆகஸ்டு கடைசி வரை கூட நீள்கிறது. சமையலறையில் பேச்சுக் குறைகிறது. உறவினரிடமிருந்து தொலைபேசி வந்தால் எடுக்கத் தயக்கம். "என்ன மார்க்?" என்ற கேள்விக்கு அஞ்சித் திருமண வீடுகளைத் தவிர்த்த பெற்றோர் நம் பங்கிலேயே உண்டு. தந்தை நள்ளிரவில் எழுந்து சென்ற ஆண்டின் கட் ஆஃப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்க்கிறார். தாய் செவ்வாய்தோறும் அந்தோணியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறார். பிள்ளையோ தன் அறையில் இருக்கிறது. தனி அறை இல்லாத வீட்டில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறது.

இந்தக் கவலைக்கு நாம் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அன்பு அதில் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அன்பு மட்டுமே இருந்தால் அதைக் கண்டு பிள்ளை ஏன் நடுங்க வேண்டும்? நம் கவலையில் பாதி பிள்ளையைப் பற்றியது. மறுபாதி நம்மைப் பற்றியது. அந்த மறுபாதியைக் குறித்தே இங்குப் பேச விரும்புகிறோம்.

"இடம் கிடைக்காமல் போய்விட்டால்?" என்று கேட்கிறோம். எந்த இடம்? தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலந்தாய்வு முடிந்தபின் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் மாவட்டந்தோறும் உள்ளன. ஆகவே பெரும்பாலான வீடுகளில் நாம் அஞ்சுவது இடம் கிடைக்காததற்கன்று, பெயர் கிடைக்காததற்கு. அடுத்த வீட்டாரிடம் சொன்னால் மறுகேள்வி வராத சில கல்லூரிப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றிலும் மறுகேள்வி வராத ஓரிரு பாடங்கள் இருக்கின்றன. இன்று அது கணினி அறிவியல், நாளை வேறொன்றாகும். அந்தப் பெயருக்காகப் பதினேழு வயதுப் பிள்ளையின் உறக்கத்தைப் பணயம் வைக்கிறோம்.

மருத்துவக் கல்வியின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்குப் பற்றாக்குறை மெய்யானது. 2024ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியோர் நாடு முழுவதும் இருபத்து மூன்று லட்சத்துக்கும் அதிகம், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே மேல். அந்த ஆண்டின் கோடையை மறந்துவிட முடியாது. ஜூன் 4 அன்று முடிவு வந்தது. அறுபத்தேழு பேர் முழு மதிப்பெண் பெற்றதாகச் சொன்னார்கள். பிறகு கருணை மதிப்பெண் பற்றிய குற்றச்சாட்டு எழுந்தது; 1,563 பேருக்கு அந்த மதிப்பெண் நீக்கப்பட்டு மறுதேர்வுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. வினாத்தாள் கசிவு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. இயற்பியல் வினா ஒன்றுக்கு இரண்டு விடைகள் சரியென்று ஏற்கப்பட்டிருந்தன, டெல்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் குழு ஒரே விடைதான் சரியென்று கூறவே, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண் குறைந்தது. ஜூலை 26 அன்று திருத்திய முடிவு வந்தபோது முதலிடத்தில் பதினேழு பேரே எஞ்சினர். ஏழு வாரங்களுக்கு மேலாக எத்தனை வீடுகளில் உலை கொதித்தும் உணவு இறங்காமல் இருந்திருக்கும்! எந்த மதிப்பெண்ணைப் பிள்ளையின் தகுதி என்று நெற்றியில் ஒட்டினோமோ, அதை ஒரு வினாவின் விடைக்குறிப்பு மாற்றிப் போட்டுவிட்டது. மாணவர்கள் ஜூனில் இருந்த அதே மாணவர்கள்தாம்.

பொறியியல் சேர்க்கையின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இயற்பியலில் ஒரு மதிப்பெண் என்றால் கட் ஆஃபில் அரை மதிப்பெண். பேனா தவறி ஒரு சிறு வினாவுக்கு வேறு விடையைக் குறித்த பிள்ளை, அந்த அரை மதிப்பெண்ணால் பெருங்கூட்டத்துக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. இருவர் சமமாக நின்றால் கணித மதிப்பெண் பார்க்கப்படும். அடுத்தடுத்து மற்றப் பாடங்களும், பிறந்த தேதியும் பார்க்கப்படும். அதன்பின்னும் சமமென்றால் கணினி அளித்த சமவாய்ப்பு எண். திருவுளச்சீட்டு என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். அரசு இதை ஒளிக்கவில்லை. விதியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த நேர்மையை இங்குக் குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

முறைகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது போயிற்று. 2017இல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு நம் மாநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செப்டம்பர் முதல் நாளில், பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 பெற்றிருந்த அரியலூர் மாவட்ட மாணவி அனிதாவை இழந்தோம். அதே 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித்துறை கைவிட்டது. வாயில் லட்டு ஊட்டும் புகைப்படங்கள் அதோடு ஒழியும் என்று நம்பினோம். அவை நாளிதழின் முதற்பக்கத்திலிருந்து இறங்கிப் பள்ளி வாசல் பதாகைகளில் ஏறிக்கொண்டன. அரசு கைவிட்ட பட்டியலை நாம் வீட்டிலும் அன்பியக் கூட்டத்திலும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அச்சம் இருக்கும் இடத்தில் வணிகன் வருவான். தேர்வு முடிவுக்கு முன்னரே "முன்பதிவு" என்ற பெயரில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் விலை பேசப்படுவது ஊரறிந்த செய்தி. நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, ரசீது இல்லாத பணமும் இருக்கிறது. கொடுப்பவர் நாம் என்பதால் வாங்குபவரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இனி நம் சொந்த முற்றத்துக்கு வருவோம். பணம் கொடுக்க வழியில்லாத கத்தோலிக்கப் பெற்றோரிடம் வேறொரு நாணயம் உண்டு. அதன் பெயர் பரிந்துரைக் கடிதம். மே, ஜூன் மாதங்களில் பங்குத்தந்தையின் இல்லத்து வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆண்டு முழுவதும் பூசைக்குப் பிந்தி வந்தவர்கள் அந்த நாள்களில் முதல் வரிசையில் அமர்கிறார்கள். பங்குத்தந்தையின் கடிதம் போதாதென்றால் மறைமாவட்ட அலுவலகத்தில் தெரிந்தவர், அதுவும் போதாதென்றால் கல்லூரி நடத்தும் சபையில் தூரத்து உறவான ஓர் அருட்சகோதரி. அருட்தந்தையர் பலர் இதனால் மனம் சலித்திருப்பதை அறிவோம். மறுத்தால் ஒரு குடும்பம் கோவிலை விட்டு விலகும். எழுதினால் கடிதத்துக்கு மதிப்பில்லாமல் போகும்.

மற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. நாங்களும் கடிதம் வாங்கினோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகன் நம்மவர் நடத்தும் கல்லூரி ஒன்றில் வணிகவியலுக்கு விண்ணப்பித்திருந்தான். முதற்பட்டியலில் அவன் எண் இல்லை. அன்று அந்தக் கல்லூரியின் வேப்பமரத்தடியில் கணவனும் மனைவியுமாக நின்ற ஒரு மணி நேரத்தில், பெற்ற பிள்ளையை முதன்முறையாக ஒரு தோல்வியாகப் பார்த்தோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று மாலையே பங்குத்தந்தையிடம் போனோம். கடிதம் கிடைத்தது, தொலைபேசியில் ஒரு சொல்லும் சொல்லப்பட்டது. இரண்டாம் பட்டியலில் எண் வந்தது. நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுத்து, பங்கு மக்களுக்கு இனிப்பும் வழங்கினோம்.

இனிப்பை வாங்கிக்கொண்டவர்களில் எங்கள் கோவில்பிள்ளையும் ஒருவர். அவருடைய மகளும் அதே கல்லூரியில் அதே பாடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள் என்பதும், எங்கள் மகனைவிட அவள் மதிப்பெண் கூடுதல் என்பதும், எந்தப் பட்டியலிலும் அவள் எண் வரவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தன. காலையும் மாலையும் பங்குத்தந்தையின் முகத்தில் விழிப்பவர் அவர். கடிதம் கேட்கத் தெரியாதவர் அல்லர், கேட்கக் கூசியவர். அந்தப் பெண் அரசுக் கல்லூரியில் படித்து இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதைச் சொல்லி எங்களை ஆற்றிக்கொள்வது எளிது. அவளுடைய நலத்தில் எங்களுக்குப் பங்கில்லை.

எங்கள் மகனுக்குக் கிடைத்திராவிட்டால் அந்த இடம் அவளுக்குக் கிடைத்திருக்குமா? சொல்ல இயலாது. எந்த மதிப்பெண்ணுக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனை இடங்களை எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினார்கள், காத்திருப்போர் வரிசையில் யார் எத்தனையாவது என்று எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. சொல்ல இயலாதபடி அமைந்திருப்பதுதான் நம் வழக்கு. சமவாய்ப்பு எண்ணைக் கூட அறிவித்துவிடும் அரசுக் கலந்தாய்வின் நேர்மையை முன்பு குறித்து வைத்தோமே, அதை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்லூரிகளின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்னர் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியும், 1923இல் பிறந்த பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும், 1925இல் பிறந்த சென்னை லயோலாவும் எத்தனையோ எளிய குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்களித்த உரிமையும் பெரிது. ஆனால் அந்த உரிமை சிறுபான்மையினருக்குக் கொடுக்கப்பட்டது. சிறுபான்மையினருள் ஆளைத் தெரிந்த சிறுபான்மையினருக்குக் கொடுக்கப்பட்டதன்று. கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, உலகப் பொருளில் ஏழையரையும் குடும்ப ஆதரவு இல்லாதோரையும் நம் கல்விக்கூடங்கள் தனியே கவனிக்க வேண்டும் என்கிறது. கடிதம் வாங்க ஆளில்லாதவர்கள் அவர்கள்தாம்.

செபதேயுவின் மனைவியை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை. தம் இரு மகன்களுக்கும் வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என இடம் கேட்டு வந்த தாய் அவர். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. நம்மில் ஒருவர் அவர். மற்றப் பத்துப் பேரும் அதைக் கேட்டுக் கோபம் கொண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தப் பத்துப் பேருக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள். அவர்கள் வரவில்லை, அல்லது வழியில்லை. நாம் இந்தப் பகுதியை வாசிக்கும்போது அந்தத் தாயோடு நின்றுவிடுகிறோம். பத்துப் பேரை எண்ணுவதில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தேர்வு எழுதுவோருக்குப் பாதுகாவலர் என்று கூப்பர்டினோ நகர்ப் புனித யோசேப்பை வேண்டுகிறோம். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த அந்தப் பிரான்சிஸ்கன் துறவிக்குப் படிப்பே வராது. குருப்பட்டத் தேர்வில் முன்னால் சென்ற சிலர் சிறப்பாக விடையளிக்கவே, எஞ்சியவர்களை ஆயர் கேள்வி கேட்காமலே தேர்ச்சி என அறிவித்தார், அதில் இவரும் தப்பினார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவரிடம் போய் நாம் முதலிடம் கேட்கிறோம்! புனிதர் சிரித்துக்கொள்வார்.

"பெற்றோர் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?" என்று கேட்பார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்தில், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையின் வீட்டில், கவலை இயல்பு. அதை ஏளனம் செய்பவன் வயிறு நிறைந்தவன். விடைத்தாள் நகல் கேட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டி, கல்லூரிகளுக்கு நடையாய் நடப்பது பெற்றோரின் கடமை. கவலையைப் பிள்ளையின் தட்டில் பரிமாறுவது கடமையன்று. தேர்வு முடிவுகளை ஒட்டி மாணவர்களுக்கு 104 என்ற தொலைபேசி எண் வழியே மனநல ஆலோசனை வழங்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை நடு இரவில் முகமறியாத ஆலோசகரிடம் சொல்வதை அடுத்த அறையில் படுத்திருக்கும் தாய் தகப்பனிடம் சொல்ல முடியவில்லை என்றால், அதைக் கேட்கும் முகம் நம்மிடம் அந்த வாரங்களில் இருக்கவில்லை என்று பொருள்.

எங்கள் மகன் பட்டம் பெற்ற அன்று இரவு கேட்டான்: "எனக்கு இடம் கிடைத்தது என் மார்க்குக்கா, ஃபாதர் லெட்டருக்கா?" மூன்று ஆண்டுகள் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறான். இரண்டாம் பட்டியலுக்கு அவன் மதிப்பெண்ணே போதுமானதாக இருந்திருக்கலாம். எங்களால் அவனுக்கு அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் எங்கள் பங்குப் பேரவையில் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தோம். சேர்க்கைக்காக எவருக்கும் தனிப் பரிந்துரைக் கடிதம் வழங்குவதில்லை என்று பங்கு முடிவெடுக்க வேண்டும். பொருளாதாரத்தில் பின்தங்கிய பிள்ளைகளின் பெயர்களை மட்டும், பெற்றோர் கேளாமலே, பேரவை ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். மறைமாவட்டத்திலுள்ள நம் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் இட ஒதுக்கீட்டு விதியையும் கடைசியாகச் சேர்க்கப்பட்டவரின் மதிப்பெண்ணையும் காத்திருப்போர் வரிசையையும் பலகையில் ஒட்ட வேண்டுமென ஆயருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் பேசினோம். எதிர்த்தவர் யாருமில்லை. மூவர் தம் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு சேர்க்கை இருப்பதாகச் சொன்னார்கள். பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் ஆகஸ்டில்.